வலைக்கோடுகள் எங்கே போயின?

திண்டிவனத்தில் பேருந்து ஏறி விழுப்புரம் சேர்வதற்குள் ஒரு சித்திரக்கதையைப் படித்து முடித்துவிடலாம். அதில் இருப்பவை சில நூறு படங்களே. அதே கதை தொலைக்காட்சியில் அசைய வேண்டுமானால்?

படச்சுருளில் விநாடிக்கு 24 படங்கள் ஓடும். ஒவ்வோர் ஓவியத்தையும் இருமுறை படம் பிடித்தாலும் விநாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். 20 நிமிடத்துக்கு 12 × 60 × 20 = 14,400 ஓவியங்கள்!

1962-இல் அமெரிக்கச் சித்திரக்கதையில் தோன்றிய ஸ்பைடர்மேனின் சிவப்பு உடை நிறையச் சிலந்தி வலைக்கோடுகள். எல்லா ஓவியங்களிலும் அவன் இருப்பதாகவும், கோடுகளை வரைய ஓவியத்துக்கு 5 நிமிடம் ஆவதாகவும் கொள்வோம். மொத்தம் 1,200 மணி நேரம். ஒருவர் நாள்தோறும் 8 மணி நேரம் உழைத்தால் 150 நாள்கள்!

ஆகவே 1967-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் முகமூடி, கையுறை, காலணி ஆகியவற்றில் மட்டும் கோடுகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்கிவிட்டனர். வலையில் ஊசலாடும் காட்சிகளை ஒருமுறை வரைந்து பலமுறை பயன்படுத்தினர்.

செய்து பாருங்கள்: பழைய நோட்டின் 24 தாள்களின் ஓரத்தில், சிறிது சிறிதாக நிலை மாற்றி, ஓடும் மனிதனை வரையுங்கள். விரலால் வேகமாகப் புரட்டுங்கள். நம் மூளை படங்களை இணைத்துக்கொள்வதால் அவன் ஓடுவான். இனி அவனுக்குக் கட்டம் போட்ட சட்டை அணிவித்து மீண்டும் வரையுங்கள். அந்த ஓவியர்களின் முடிவு உங்களுக்கே விளங்கும்!