சட்டம் எது, பழக்கம் எது

அன்புள்ள கண்ணம்மா,

நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்லி முடியாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது சமூகப் பொறுப்பு நிதி, இந்த வருஷம் சின்ன அமைப்புகளுக்கும் போய்ச் சேர வேண்டும், அதற்கு ஒரு வழிமுறை எழுதிக்கொண்டு வா என்று உன் மேலாளர் சொல்லியிருக்கிறார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் இதை ஒப்படைத்தவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். "நீங்கள் வாங்குகிற பக்கம் இத்தனை காலம் இருந்தீர்களே பெரியம்மா, எங்கே அடைபடுகிறது?" என்று கேட்டாய்.

யாரும் வேண்டுமென்று அடைக்கவில்லை. வக்கீல் ஒரு காகிதம் கேட்கிறார், ஆடிட்டர் ஒன்று கேட்கிறார், போர்டில் இருக்கிற ஒருவர் எங்கோ கேள்விப்பட்ட மோசடியை நினைத்து இன்னொன்று கேட்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயம். எல்லாம் சேர்ந்து ஒரு விண்ணப்பப் படிவமாகும்போது, கமுதி பக்கத்தில் வாடகை அறையில் இரண்டு பேர் நடத்துகிற டிரஸ்ட் வெளியே நின்றுவிடுகிறது. அதனால் முதலில் ஒன்று செய். உங்கள் ஆபீஸில் இப்போது இருக்கிற படிவத்தை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுது: இதைச் சட்டம் கேட்கிறதா, நாம் கேட்கிறோமா? சட்டம் கேட்பதில் நீ கை வைக்க முடியாது. மற்றது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. வரிகளை எண்ணிப் பார்த்தால் இரண்டாவது வகைதான் அதிகம் என்று உனக்கே தெரியும்.

சட்டம் கேட்பது இவ்வளவுதான். 2013ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு உனக்குப் பாடம். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்க வேண்டும். அதை வெளி அமைப்பு ஒன்றின் மூலம் செய்வதென்றால், அது பதிவு பெற்ற டிரஸ்டாகவோ சொசைட்டியாகவோ 8ஆம் பிரிவுக் கம்பெனியாகவோ இருக்க வேண்டும். நாம் 12ஏ, 80ஜி என்று சொல்லிப் பழகிய வரிப் பதிவுகள் இரண்டும் வேண்டும். அதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவம் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று உங்கள் நிதித் தலைவர் சான்று கொடுத்தாக வேண்டும் என்பதால், நீங்கள் யு.சி. என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பதையும் குறை சொல்ல மாட்டேன்.

இந்தப் பட்டியலிலேயே சின்னவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. சி.எஸ்.ஆர்.-1 படிவத்துக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், ஒரு ஆடிட்டரும் அதைச் சரிபார்த்து டிஜிட்டலாகக் கையெழுத்திட வேண்டும். பல டிரஸ்டுகளுக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. வருஷத்தில் ஒரு நாள் பரமக்குடியிலோ அருப்புக்கோட்டையிலோ ஒரு மண்டபத்தில் ஆடிட்டர் ஒருவரை உட்காரவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படிவத்தை முடித்துக் கொடுங்கள். உங்களிடம் பணம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று வைக்காதே. அந்த எண் கையில் இருந்தால் அவர்கள் வேறு எந்தக் கம்பெனியின் கதவையும் தட்டலாம்.

இனி பழக்கத்துக்கு வருகிறேன். மூன்று வருஷ ஆடிட் அறிக்கையில் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குக் குறையக்கூடாது, சில இடங்களில் ஒரு கோடி, என்று கேட்கிறார்களே, அந்த வரி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஏற்கெனவே பணம் இருக்கிறவருக்குத்தான் பணம் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமும் இல்லை. அதை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. குறைந்தபட்ச வரவு கேட்பதற்குப் பதிலாக உச்சவரம்பு வை: ஆண்டு வரவு 40 லட்சத்தையோ 50 லட்சத்தையோ தாண்டியவர்கள் இந்த நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று. இல்லாவிட்டால் சென்னையில் புரொபோசல் எழுதவென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிற பெரிய அமைப்புகள் இங்கேயும் வந்து நிற்கும். அவர்களும் நல்ல வேலை செய்கிறவர்கள்தான், அவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

அடுத்தது புரொபோசல். பதினைந்து இருபது பக்கம், ஆங்கிலத்தில், அட்டவணைகளோடு. அங்கன்வாடிக்கு வராத பிள்ளைகள் யார் யார் என்று வீடு வீடாகத் தெரிந்து வைத்திருக்கிற பெண்ணுக்கு அதை எழுத வராது. வெளியில் ஒருவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குவாள். அப்படி வருகிற காகிதத்தை வைத்து நீங்கள் எதை மதிப்பிடுகிறீர்கள்? எழுதிக் கொடுத்தவரின் ஆங்கிலத்தை. இதை நான் கோபமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல வேலை செய்த எத்தனையோ பேர் இந்த ஒரு இடத்தில் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நீ தமிழில் ஒரு பக்கம் கேள். எழுத முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பட்டும். என்ன செய்கிறீர்கள், யாருக்கு, எவ்வளவு காலமாக, பணம் வந்தால் முதலில் எதற்குச் செலவழிப்பீர்கள், இவ்வளவு போதும். அதில் பத்துப் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, நீ நேரில் போய்ப் பார்த்து, போர்டுக்கு வேண்டிய ஆங்கிலக் குறிப்பை நீயே எழுது. அந்த வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள் நீ, அவர்கள் இல்லை.

நிர்வாகச் செலவு விஷயத்தில் உங்கள் ஆபீஸில் கட்டாயம் ஒரு வாக்குவாதம் வரும். "சட்டப்படி 5 சதவீதம்தான் அட்மின்" என்று யாராவது சொல்வார்கள். விதியை எடுத்துக் காட்டு. அந்த 5 சதவீதம் உங்கள் கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலையை நடத்துவதற்குச் செய்கிற பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. டிரஸ்டின் கணக்காளருக்கும் அறை வாடகைக்கும் அது போட்ட வரம்பு இல்லை. வேலை நடக்க வேண்டுமானால் வாடகை, கரண்ட் பில், கணக்கு எழுதுகிறவர் சம்பளம் எல்லாம் வேண்டும். உங்களுக்கு யு.சி. கொடுக்கப் போகிறதே அந்தக் கணக்காளர்தான். அவர் சம்பளத்தை வெட்டிவிட்டு ஒழுங்கான கணக்கு எங்கே என்று கேட்க முடியுமா? களத்தில் வேலை செய்கிற பெண்கள் வருஷக்கணக்காக நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பது இந்த ஒரு பழக்கத்தால்தான். பட்ஜெட்டில் சம்பள வரி குறைவாக இருந்தால் நீயே கூட்டிப் போடச் சொல்.

தாக்க மதிப்பீடும் இப்படித்தான். சராசரி சி.எஸ்.ஆர். கடமை 10 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, ஒரு கோடியோ அதற்கு மேலோ ஒதுக்கிய திட்டத்துக்கு, அது முடிந்து ஒரு வருஷம் கழிந்தபின் செய்ய வேண்டியது அது. 6 லட்சம் வாங்குகிற அமைப்பிடம் வெளியாள் வைத்து மதிப்பீடு செய்து கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

எனக்கு இருக்கிற பெரிய ஆதங்கம் மார்ச் 31 பற்றியது. இதை மட்டும் மாற்றினாலும் உனக்குக் கோடிப் புண்ணியம். ராமநாதபுரம் பக்கம் ஒரு ஊருணியைத் தூர்வாருவதை எடுத்துக்கொள். ஐப்பசி கார்த்திகையில் மழை. தை மாசியில் தண்ணீர் கிடக்கும். சித்திரைக்குப் பிறகு தரை காய்ந்தால்தான் மண்ணை அள்ள முடியும், ஆடி ஆவணிக்குள் முடித்தாக வேண்டும். கம்பெனிப் பணமோ போர்டு கூடி, ஒப்பந்தம் போட்டு, ஜனவரியில் வந்து சேரும். மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்கு கொடு என்பார்கள். தண்ணீர் நிற்கிற ஊருணியில் என்ன செய்வது? அவசரமாகப் படித்துறைக்குச் சிமென்ட் பூசிப் பெயர்ப்பலகை வைப்பார்கள். பள்ளி மாலை வகுப்புகள் நடத்துகிறவர்களுக்கும் இதே கதை. ஏப்ரல் முதல் அடுத்த ஒப்பந்தம் வரும்வரை ஆசிரியைகளுக்குச் சம்பளம் இருக்காது, பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இதையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, கண்ணம்மா. தொடர் திட்டம் என்று போர்டு அறிவித்தால், தொடங்கிய வருஷம் போக இன்னும் மூன்று வருஷம் அது நடக்கலாம். செலவாகாத பணத்தை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கென்று உள்ள தனி வங்கிக் கணக்குக்கு மாற்றினால் போதும். உங்கள் நிதிப்பிரிவுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. அந்தப் பக்கம் ஒரு ஊருணி நிரம்பும்.

இத்தனையும் இப்போது ஏன் அவசரம் என்றால், சின்னவர்களுக்கு இருந்த பழைய வழி அடைபட்டுவிட்டது. முன்பெல்லாம் மதுரையிலோ சென்னையிலோ இருக்கிற பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதி வாங்கி, கிராமங்களில் வேலை செய்கிற சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் திருத்தம் வந்தபின், வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொருவருக்கு மாற்றுவதே கூடாது என்றாகிவிட்டது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது. நேரடியாக வாங்கலாம் என்று புதிதாகப் பதிவு கேட்டால், மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவழித்த கணக்கு காட்ட வேண்டும். அவர்களுக்கு மிஞ்சியிருப்பது உள்நாட்டுப் பணம்தான்.

யார் தேர்ந்தெடுப்பது என்பதையும் யோசி. அமெரிக்காவில் மெக்கன்சி ஸ்காட் என்ற கொடையாளர் பெரும் தொகைகளைக் கொடுத்து வந்தார், ஆனால் அவர் ஆட்களே தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள், யாரும் விண்ணப்பிக்க முடியாது. 2023 மார்ச்சில் முதல்முறையாகப் பொது அழைப்பு விட்டார். ஆண்டுச் செலவு 10 லட்சம் முதல் 50 லட்சம் டாலர் வரை உள்ள அமைப்புகள் வரலாம் என்றார். 6,353 விண்ணப்பங்கள் வந்தன. முதல் சுற்றில் அவற்றைப் படித்து மதிப்பெண் போட்டது விண்ணப்பித்த அமைப்புகளே, ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர்கள். அதன்பிறகுதான் வெளி நிபுணர்கள். 250 பேருக்குத் தலா 10 லட்சம் என்று அறிவித்திருந்தவர், 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு 64 கோடி டாலர் கொடுத்தார். இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத பணம். நம் சி.எஸ்.ஆர். விதிகளில் அந்த அளவு சுதந்திரம் கொடுக்க முடியாது. ஆனால் சக அமைப்புகள் படிப்பது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தேர்வுக் குழுவில் வேறு மாவட்டத்தில் சிறு டிரஸ்ட் நடத்துகிற இரண்டு பேரை வை, அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடு. பட்ஜெட்டைப் பார்த்த மாத்திரத்தில் எது நடக்கும், எது காகிதத்துக்காக எழுதியது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஸ்காட்டின் அதே கணக்கில் இன்னொன்றும் பார்: கிட்டத்தட்ட 6,000 அமைப்புகள் உழைத்து எழுதி வெறுங்கையோடு போயின. கதவை அகலத் திறந்தால் அந்த உழைப்பும் பெருகும். அதனால்தான் முதல் படி ஒரு பக்கம் என்கிறேன். இல்லை என்று சொல்வதானால் மூன்று வாரத்துக்குள் சொல், காரணத்தையும் சொல். பதிலே வராமல் மாசக்கணக்கில் காத்திருப்பதுதான் கொடுமை.

ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்களே என்று உன் மேலாளர் கேட்பார். இருக்கிறார்கள். போலிகளின் காகிதம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், படிவத்தின் கனம் அவர்களைத் தடுக்காது. சொல்லாமல் ஒரு நாள் போ. பேங்க் பாஸ்புக்கைப் பார். பள்ளித் தலைமையாசிரியரிடமும் ரேஷன் கடையில் நிற்கிற பெண்களிடமும் கேள். முதல் வருஷம் 2 லட்சம் கொடு, வேலை தெரிந்தால் 5 ஆக்கு.

ஊர் விஷயம். செயல்படுகிற இடத்துக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று 135ஆம் பிரிவே சொல்கிறது. அதனால் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை என்று தொழிற்சாலை இருக்கிற பக்கமே பணம் சுற்றும். அது முன்னுரிமைதான், வேலி இல்லை. மத்திய அரசே முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று அறிவித்த பட்டியலில் ராமநாதபுரமும் விருதுநகரும் இருக்கின்றன. போர்டுக்குக் காரணம் வேண்டுமென்றால் அதை எழுது. உங்கள் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற சிறிய கம்பெனிகளில் சிலவற்றின் சி.எஸ்.ஆர். தொகை 50 லட்சத்தைத் தாண்டாது. அவர்களுக்குத் தனிக் குழுகூடத் தேவையில்லை, போர்டே முடிவெடுக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மார்ச் கடைசியில் பிரதமர் நிவாரண நிதிக்கு அனுப்பிவிடக்கூடியவர்கள். கம்பெனிகள் சேர்ந்து ஒரு திட்டத்தை நடத்தவும் விதி இருக்கிறது, அவரவர் பங்கை அவரவர் தனியாகக் கணக்குக் காட்ட முடிந்தால் போதும். நீ போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியலை அவர்களோடு பகிர்ந்துகொள்ள அனுமதி கேள்.

படிவத்தின் வரைவை ஆடிக்குள் முடித்து எனக்கு அனுப்பு, தமிழில். டிரஸ்ட் கணக்கு எழுதுகிற பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் கொடுத்து, எந்தக் கேள்வியில் பேனா நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா