பிள்ளைகள் குறைந்தும் போர்வெல் ஏன் வற்றுகிறது?

கேள்வி: என் பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள், அம்மாவுக்கு மூன்று, எனக்கு ஒன்று. ஊரிலும் பெரும்பாலும் இப்படித்தான். ஆனாலும் எங்கள் தோட்டத்து போர்வெல் 300 அடியிலிருந்து 900 அடிக்குப் போய்விட்டது. ஜனத்தொகைப் பெருக்கம் நின்றால் பூமி பிழைக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அதெல்லாம் பொய்யா?
- வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: பொய்யில்லை, பாதிக் கணக்கு. பிள்ளைப்பேறு குறைந்திருக்கிறதே தவிர, ஜனத்தொகை இன்னும் குறையவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். ஜனத்தொகை ஏறாமல் இறங்காமல் இருக்க 2.1 வேண்டும். ஆனால் முன்பு ஏராளமாகப் பிறந்தவர்கள் இன்று பிள்ளை பெறும் வயதிலும் நடுவயதிலும் இருப்பதால், மொத்தக் கணக்கு இறங்கப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். உலகக் கதையும் இதுதான். 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். 2080களில் ஏறத்தாழ 1,030 கோடிக்குப் போய், பிறகு இறங்கும் என்று 2024இல் ஐ.நா. மதிப்பிட்டது.

உங்கள் போர்வெல்லுக்கு வருகிறேன். இந்தியாவில் எடுக்கப்படும் நிலத்தடி நீரில் 80 சதவீதத்துக்கும் மேல் பாசனத்துக்கே போகிறது. வீட்டில் எத்தனை பேர் என்பதைவிட, காட்டில் என்ன பயிர் என்பதுதான் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது. கமலை இறைத்த காலத்தில் மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். நீர்மூழ்கி மோட்டார் களைக்காது. இலவச மின்சாரம் என்பதால் கரண்ட் பில்லும் அதை நிறுத்தாது. உங்களுடையதோ பாறை பூமி. மழைநீர் பெரும்பாலும் மேல்மண்ணிலும் அதற்கடியில் உளுத்த பாறையிலும்தான் தங்கும். 900 அடியில் பாறை வெடிப்புகளில் கிடைப்பது கொஞ்சம்; எடுத்தால் திரும்ப ஊறுவதற்கு வெகுகாலம் ஆகும்.

கரியமில வாயுவிலும் தலைக்கணக்கு மட்டும் போதாது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் வெளியிடுகிறார். இந்தியர் சராசரியாக 2 டன். அந்த இரண்டிலும் ஏ.சி. வீட்டுக்காரர் பங்கு வேறு, கூலித்தொழிலாளி பங்கு வேறு! ஏழை வீட்டில் பிள்ளைகளை எண்ணிக் குறை சொல்பவர்கள் தங்கள் கார்களையும் எண்ணட்டும் என்பேன்.

அடுத்த போர் போடுமுன் தோட்டக்கலைத் துறையில் சொட்டுநீருக்கு விண்ணப்பியுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. ஒன்று மட்டும்: மிச்சமாகும் தண்ணீரை நம்பி இன்னொரு ஏக்கரில் கரும்பு நட்டுவிடாதீர்கள்.