மோட்டார் சைக்கிளில் ஆயில் கூலரை இடம் மாற்றும் முறை

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டத்தில், அனுமந்தையைச் சுற்றியுள்ள ஊர்களில் விளைநிலமும் உப்பளமும் அருகருகே உள்ளன. மணிலா, தர்பூசணி, சவுக்கு பயிரிடும் விவசாயிகளுக்கு மோட்டார் சைக்கிள் இன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. விதை மூட்டை, பால் கேன், கைத்தெளிப்பான் ஆகியவை அதில்தான் செல்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி உப்பளக் கரைகளில் செல்லும்போது வண்டியின் முன்புறத்தில் உப்புச் சேறு அப்பிக்கொள்கிறது. ஆயில் கூலர் உள்ள வண்டியானால், அதை வேறு இடத்தில் வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. அவ்வாறு செய்யுமுன் அறிய வேண்டியவை கீழே தரப்பட்டுள்ளன.

ஆயில் கூலரின் பணி

காற்றால் குளிரும் எஞ்சினில் தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் படும் காற்றும், உள்ளே ஓடும் ஆயிலும்தான் சூட்டைத் தணிக்கின்றன. பஜாஜ் பல்சர் 220, 2016-இல் வெளிவந்த 411 சி.சி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற வண்டிகளில் ஆயிலைக் குளிர்விக்கச் சிறு அலுமினியக் கூலர் ஒன்றும் உண்டு. சூடான ஆயில் ஒரு ஓஸ் வழியே கூலருக்குச் சென்று, மற்றொரு ஓஸ் வழியே எஞ்சினுக்குத் திரும்புகிறது. ஆயில் அளவுக்கு மீறிச் சூடேறினால் நீர்த்துப்போகும். தேயும் பாகங்களைக் காக்கும் திறன் குறையும். முடிவில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும்.

உப்புச் சேற்றால் வரும் கேடு

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. பாத்தியில் வற்றிய நீரில் இது பல மடங்காகிறது. இந்நீர் கலந்த சேறு கூலர் தகடுகளின் இடைவெளியில் காய்ந்தால் காற்று புகாது. உப்பின் ஈரம் அலுமினியத்தை அரிக்கும். அலுமினியத்தில் இரும்பு போல்ட்டு சேரும் இடத்தில் அரிப்பு மேலும் விரைவாகும்.

முதலில் செய்ய வேண்டியவை

பெரும்பாலும் கூலரை நகர்த்தாமலே பயன் பெறலாம்.

1. உப்பளப் பக்கம் சென்று வந்ததும், எஞ்சின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவவும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.
2. முன் மட்கார்டின் கீழ்முனையில் ரப்பர்த் துண்டு ஒன்றை நீட்டிப் பொருத்தவும். சக்கரம் வாரியடிக்கும் சேற்றில் பெரும்பகுதி இதில் தடுக்கப்படும்.
3. கூலருக்கு முன்னால் சாக்கையோ பையையோ தொங்கவிடக் கூடாது.

இடம் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

மேற்கண்டவற்றால் பயன் இல்லையெனில், அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு இடம் மாற்றலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியானால் முதலில் விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ளவும்.

காற்று: புதிய இடத்தில் எதிர்க்காற்று நேராகப் படவேண்டும். சேற்றுக்குப் பயந்து இருக்கைக்குக் கீழோ எஞ்சினுக்குப் பின்னாலோ வைத்தால் கூலர் இருந்தும் பயனில்லை. பழைய இடத்தைவிடச் சற்று உயரத்தில், முன்புறச் சட்டத்தில் வைப்பதே சிறந்தது.

இடைவெளி: ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பார்க்கவும். முன்பக்கத்தை அழுத்தி, மட்கார்டு கூலரில் முட்டவில்லை என்பதை உறுதி செய்யவும்.

ஓஸ்: சூடான ஆயிலையும் அதன் அழுத்தத்தையும் தாங்கும், முனைகள் இயந்திரத்தில் அழுத்திப் பொருத்தப்பட்ட ஓஸையே பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் டியூபை மாட்டிக் கிளிப் போட்டு இறுக்குவது ஆபத்து. ஓஸ் மடங்கக் கூடாது. சைலன்சர் குழாயைத் தொடக் கூடாது.

வாய்கள்: கூலரின் இரு வாய்களும் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்கிவிடும்.

பிடிப்பு: எஞ்சின் அதிர்வு கூலரைத் தாக்காதபடி ரப்பர் வாஷர் வைத்துப் பொருத்தவும். ஆயில் இணைப்புகளில் புதிய செப்பு வாஷர்களைப் போடவும்.

ஓட்டிப் பார்த்தல்

நீளமான ஓஸ் பொருத்தினால் அதனுள்ளும் ஆயில் நிற்கும். எனவே எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தி, கையேட்டில் கூறியபடி ஆயில் மட்டத்தைப் பார்த்து, குறைந்ததை ஊற்றவும். இணைப்புகளைச் சுத்தமான துணியால் துடைத்துக் கசிவு உள்ளதா எனக் கவனிக்கவும். சிறிது தூரம் ஓட்டிய பின்னும், மறுநாளும் மீண்டும் பார்க்கவும்.

இதில் அலட்சியம் கூடாது. ஓடும்போது ஓஸ் கழன்றால் ஆயில் முழுவதும் சிறிது நேரத்தில் வெளியேறி எஞ்சின் இறுகிவிடும். அதே ஆயில் பின் டயரில் பட்டால் வண்டி சறுக்கி, ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து நேரிடும். ஆயில் விளக்கு எரிந்தாலோ, காலில் ஆயில் தெறித்தாலோ, உடனே எஞ்சினை நிறுத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதே நலம்.

கூலருக்குத் தேவை காற்று. அதற்குப் பகை சேறும் உப்பும். ஆகவே விவசாயப் பெருமக்கள் முதலில் கழுவுதலையும் ரப்பர்த் தடுப்பையும் கையாண்டு, அதற்கும் அடங்காத நிலையில் மட்டும் இடமாற்றத்தை மேற்கொண்டால், அறுவடை வேளையில் வண்டி நின்றுபோகும் தொல்லையையும் வீண் செலவையும் தவிர்க்கலாம்.