ஹவில்தார் மேஜரா, குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாரா: யார் பெரியவர்?

கேள்வி: ராணுவத்தில் என் தாத்தா 'கம்பெனி ஹவில்தார் மேஜர்'. பக்கத்துத் தெருவில் இருந்த அவருடைய சிநேகிதர் 'கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார்'. கடைசிவரை இருவரும் 'நான்தான் சீனியர்' என்று சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். யார் சொன்னது சரி? இப்படி இரண்டு பதவி எதற்காக வந்தது?
– ஒரு வாசகி, சிங்கப்பெருமாள் கோவில்

பதில்: இருவருமே ஹவில்தார்கள்தான். மற்றதெல்லாம் பொறுப்பின் பெயர். 'மேஜர்' என்று இருப்பதால் அதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மேஜர் வேறு; கம்பெனியை நடத்துபவர் அவர்.

கல்யாண வீட்டில் பந்தியை நடத்துகிறவர் ஒருவர், உக்கிராணச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர் இன்னொருவர் அல்லவா? அந்த மாதிரிதான். காலையில் ஆள் எண்ணுவது, காவலுக்கு யார் யார் என்று பிரிப்பது, அணிவகுப்பு, ஒழுங்கு எல்லாம் ஹவில்தார் மேஜர். ரேஷன், உடுப்பு, படுக்கை, தளவாடம், அதற்கெல்லாம் கணக்கு என்பது மற்றவர். வழக்கத்தில் ஹவில்தார் மேஜருக்குத்தான் முதல் மரியாதை. அந்த அளவில் தாத்தா கட்சி ஜெயித்தது. ஆனால் ஜவான் பகைத்துக்கொள்ளக் கூடாதவர் யார் என்று கேட்டால், பூட்ஸ் கொடுப்பவர் என்றுதான் சொல்வேன்.

இதன் பூர்வீகம் பிரிட்டிஷ் படை. அங்கே 1813-ல் 'கலர் சார்ஜன்ட்' என்ற பதவியை உண்டாக்கினார்கள். கம்பெனியின் மூத்த சார்ஜன்ட் (நம் ஹவில்தாருக்கு இணை) அவர்தான். 1913-14-ல் ஒரு பட்டாலியனின் எட்டுக் கம்பெனிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து நான்காக்கியபோது, ஒவ்வொரு புதுக் கம்பெனியிலும் இரண்டு கலர் சார்ஜன்ட்கள் மிஞ்சினார்கள். மூத்தவரைக் கம்பெனி சார்ஜன்ட் மேஜராக்கி, மற்றவரிடம் ஸ்டோரை ஒப்படைத்தார்கள். கம்பெனிக் குறைப்பில் பிறந்த ஏற்பாடு!

1915-ல் அங்கே சார்ஜன்ட் மேஜரை மட்டும் வாரன்ட் அதிகாரியாக உயர்த்தினார்கள். இங்கே அது நடக்கவில்லை. ஹவில்தாருக்கு மேலே ஜமேதார், சுபேதார் என்று ஏற்கெனவே ஆள் இருந்ததால், ஹவில்தார் மேஜர் ஹவில்தாராகவே நின்றுவிட்டார். (ஜமேதார்தான் 1965 முதல் நாயிப் சுபேதார்.) அமெரிக்கப் படையிலும் இதே கதை உண்டு: ஃபர்ஸ்ட் சார்ஜன்ட்டுக்கும் மாஸ்டர் சார்ஜன்ட்டுக்கும் சம்பள நிலை ஒன்று, கம்பெனி ஆட்களுக்குப் பொறுப்பு முன்னவர்.

ஸ்டோர்க்காரர் என்றால் சண்டைக்குப் போகாதவர் என்று தாத்தா கேலி செய்திருக்கலாம். அப்படியானால் அது அநியாயம். பரம்வீர் சக்ரா இரண்டு பொறுப்புக்கும் கிடைத்திருக்கிறது. 1948 ஜூலை 18-ல் காஷ்மீரின் தித்வாலில், கூட வந்தவர்கள் விழுந்த பிறகும் தனியாக எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள் மேல் பாய்ந்து உயிர்விட்ட பீரு சிங், 6-வது ராஜ்புதானா ரைஃபிள்ஸின் கம்பெனி ஹவில்தார் மேஜர். 1965 செப்டம்பர் 10-ல் கேம்கரன் பகுதியில், ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. பீரங்கியால் பாட்டன் டாங்குகளை நொறுக்கி மாண்ட அப்துல் ஹமீத், 4-வது கிரனேடியர்ஸின் குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். ஸ்டோருக்கு வருமுன் டாங்கு எதிர்ப்புப் பிரிவில் பல வருஷம் இருந்தவர் அவர். குறி தவறாத கை என்பதால் பீரங்கியை அவரிடமே கொடுத்தார்கள்.

தாத்தாவின் பழைய தாள்களில் 'பி.ஹெச்.எம்.' என்று எங்காவது இருந்தால் எந்தப் படை என்றும் பாருங்கள். காலாட்படையில் அது பட்டாலியன் ஹவில்தார் மேஜர், கம்பெனிக்காரருக்கும் மேலே. பீரங்கிப் படையில், கம்பெனிக்கு இணையான பாட்டரியின் ஹவில்தார் மேஜர் மட்டுமே.