எடை குறைக்கும் ஆபரேஷன்: செய்துகொள்ளலாமா, வேண்டாமா?



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பணம் கேட்டே வருவார்கள். டயாலிசிஸ், கண்புரை, ஸ்டென்ட், பிரசவம் என்று எதுவானாலும் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் கேள்வி. சென்ற ஷஅபானில் ஒரு சகோதரி தன் உம்மாவோடு வந்தார். அவர் பணம் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஃபைலை மேசையில் வைத்து, "இதைச் செஞ்சுக்கலாமா வேணாமான்னு மட்டும் சொல்லுங்க காக்கா" என்றார்.

ஃபைலைத் திறந்து பார்த்தோம். வயது 41. எடை 118 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். பத்து வருடமாகச் சர்க்கரை நோய், இரண்டு வேளை இன்சுலின். இரவுத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று ஒரு பரிசோதனை அறிக்கை. இரண்டு முட்டியும் தேய்ந்து, தொழுகை நாற்காலிக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. மதுரையில் பார்த்த மருத்துவர் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். எழுதிய தேதிக்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அது பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்ததாம். "மயக்க மருந்து கொடுத்து நான் எழும்பாமப் போயிட்டா என் மூணு புள்ளையையும் யாரு பாப்பா?" என்றார். மாப்பிள்ளை சபரில் இருக்கிறார், தம்மாமில். அவர் போனில், "இருக்கிற உடம்போட இரு, அது போதும்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டு, நம் ஊர்க்காரர்களான மருத்துவர்களிடமும் பள்ளிவாசல் இமாமிடமும் கேட்டோம். படிக்கவும் செய்தோம். அப்படிச் சேர்ந்தவைதான் இந்தப் பாடம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். முடிவு அவருடையது, அவருடைய மருத்துவருடையது. ஆனால் அந்த ஃபைல் போல எத்தனை ஃபைல்கள் நம் வீட்டு பீரோக்களில் கிடக்கின்றனவோ என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறை எண். அந்தச் சகோதரிக்கு 48-க்கு மேல் வந்தது. இந்த ஆபரேஷன் செய்யும் மருத்துவர்களின் உலக அமைப்பும் அமெரிக்க அமைப்பும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட வழிகாட்டல்படி, 35-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். 30-க்கு மேல் இருந்து சர்க்கரை போன்ற நோயும் இருந்தால் யோசிக்கலாம். நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் எல்லையை 27.5 வரை இறக்கியிருக்கிறார்கள். ஆக, மதுரை மருத்துவர் மிகைப்படுத்தி எழுதவில்லை என்பது முதலில் தெளிவானது.

"வாயைக் கட்டினா போதாதா, இதுக்குப் போயி வயித்தை அறுக்கணுமா?" இதை அந்தச் சகோதரியிடம் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எங்களில் சிலரும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் மூன்று தடவை பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்து, மூன்று தடவையும் அதற்கு மேல் ஏறியவர். மருத்துவர் விளக்கியது எங்களுக்குப் புதிதாக இருந்தது. எடை இறங்கும்போது உடம்பு அதைப் பஞ்சம் வந்ததாக எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு கூடுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தி குறைகிறது. இழந்ததை மீட்கும் வரை உடம்பு விடுவதில்லை. நஃப்ஸை அடக்கத் தெரியாதவர் என்று ஒருவரை நாம் பேசும்போது, அவருடைய உடம்புக்குள் நடக்கும் இந்தப் போராட்டம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வலீமா பந்தியில் அவர் தட்டைப் பார்த்துப் பேசுகிற பழக்கத்தையாவது நாம் விட்டுவிடலாம்.

ஆபரேஷனில் பரவலாகச் செய்யப்படுவது இரண்டு வகை. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸ் என்பதில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பை பிரித்து, குடலை அதில் நேராக இணைக்கிறார்கள். இரண்டிலும் கொள்ளளவு குறைவது மட்டுமல்ல, பசி, சர்க்கரை ஆகியவற்றை நடத்தும் சுரப்புகளும் மாறுகின்றன. நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம். அவருக்குப் பைபாஸ் நல்லது என்பார்கள். எல்லாம் சிறு துளைகள் வழியாகச் செய்வதுதான்.

இனி அந்தச் சகோதரியின் பெரிய பயத்துக்கு வருவோம். ஆபரேஷன் செய்து ஒரு மாதத்துக்குள் இறப்பவர்கள், அனுபவமுள்ள மருத்துவமனைகளில், ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரை. பித்தப்பைக் கல்லுக்குச் செய்யும் ஆபரேஷனை ஒட்டிய அளவுதான். நம் ஊரில் பித்தப்பை எடுத்தவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள், யாரும் அதற்கு வஸிய்யத் எழுதிவிட்டுப் போனதில்லை. ஆனாலும் ஆயிரத்தில் ஒன்று என்பது பூஜ்யம் அல்ல. தைத்த இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது ஆகிய மூன்றும் பயப்பட வேண்டியவை. காய்ச்சலோ, படபடப்போ, மூச்சுத் திணறலோ, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலியோ வந்தால் "காலையில பாப்போம்" என்று இருக்கக் கூடாது. தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறை மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வதும், அதற்கான முகமூடிக் கருவியை முன்கூட்டியே பழகுவதும் அவருடைய ஆபத்தை இன்னும் குறைக்கும்.

இங்கேதான் நாங்கள் நீண்ட நேரம் பேசினோம். பயப்படுகிறவர் தராசின் ஒரு தட்டில் ஆபரேஷனை வைக்கிறார். மறு தட்டில் ஒன்றுமில்லை, இப்படியே இருந்தால் இப்படியே இருப்போம் என்று நினைக்கிறார். ஆனால் 48 என்ற எண்ணும், இன்சுலினும், இரவில் நிற்கும் மூச்சும் அந்த மறு தட்டில்தான் இருக்கின்றன. சுவீடன் நாட்டில் 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2000 பேரையும், அவர்களைப் போன்றே பருமன் இருந்து செய்துகொள்ளாத சுமார் 2000 பேரையும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். செய்துகொண்டவர்களின் ஆயுள் சராசரியாக மூன்று வருடம் கூடுதல் என்று 2020-ல் வெளியிட்டார்கள். (அப்போதைய ஆபரேஷன் முறைகள் வேறு, சுவீடன்காரர்களின் உணவும் வேறு. இதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாதுதான். திசை தெரிகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்வோம்.) "புள்ளைங்களை யாரு பாப்பா" என்ற கேள்வியை ஆபரேஷன் நாளுக்கு மட்டும் கேட்காமல், பத்து வருடம் கழித்துள்ள ஒரு நாளுக்கும் கேட்டுப் பாருங்கள் என்றோம். அவருடைய உம்மா அழுதுவிட்டார். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு வருந்தினோம்.

எங்கள் கருத்தில் ஆபரேஷன் நாளைவிடப் பயப்பட வேண்டியது அதற்குப் பிறகுள்ள வருடங்களைத்தான். இதை ஒரு சகோதரர் மூலம் தெரிந்துகொண்டோம். வெளியூரில் ஸ்லீவ் செய்துகொண்டவர். எடை வேகமாக இறங்கியது, எல்லோரும் பாராட்டினார்கள். வாரக்கணக்கில் வாந்தி இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை, மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். மூன்றாம் மாதம் கால் மரத்து, சுவரைப் பிடித்து நடக்கும் நிலையில் வந்தார். தயமின் என்ற பி1 சத்து தீர்ந்துபோயிருந்தது. மருந்து ஏற்றியதில் நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் பாத எரிச்சல் முழுதாகப் போகவில்லை. பி12, இரும்பு, டி, கால்சியம், தயமின் இவையெல்லாம் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியவை. அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் வேண்டும். புரதம் நாளைக்கு 60 கிராமாவது போக வேண்டும். சோற்றில் அது கிடைக்காது, முட்டை, மீன், பருப்பு, தயிரில்தான் தேட வேண்டும். சில மாதம் முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். பெண்கள் ஒன்று ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். முட்டி வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள், பைபாஸ் செய்தவருக்கு இரைப்பைப் புண்ணைக் கொண்டுவரும். இவ்வளவு கவனித்தும் சில வருடத்தில் கொஞ்சம் எடை திரும்ப ஏறுவது உண்டு.

சர்க்கரை நோய் அடியோடு போய்விடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். நோய் வந்து சில வருடமே ஆனவர்களுக்கு மருந்தில்லாமல் இருக்கும் வாய்ப்பு நல்லது. பத்து வருடம் ஆகி, இன்சுலினும் போடுகிறவர்களுக்கு அது குறைவு, இன்சுலின் அளவு வெகுவாகக் குறையலாம். ஆபரேஷன் ஆன சில நாளிலேயே தேவை குறையத் தொடங்கும் என்பதால், பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை தாழ்ந்து ஆபத்தாகிவிடும்.

மார்க்கம் சம்பந்தமாகவும் அவருக்குச் சில தயக்கங்கள் இருந்தன. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்று கேட்டார். நோயை நீக்கும் சிகிச்சை வேறு, அழகுக்காக உடம்பை வெட்டுவது வேறு என்றும், நம்பகமான மருத்துவர் தேவை என்று சொல்லி, எளிய வழிகளும் பலன் தராதபோது சிகிச்சை பெறுவதில் குற்றமில்லை என்றும் இமாம் விளக்கினார். "இஸ்திகாரா தொழுதேன், கனவு ஒண்ணும் வரலையே" என்றார். இமாம் சிரித்துவிட்டு, கனவு வர வேண்டும் என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது, விசாரித்து, மஷ்வரா செய்து, தொழுது கேட்டுவிட்டு காரியத்தில் இறங்க வேண்டியதுதான் என்றார். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் வகை ஊசிகள் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. செயற்கையாகத் தயாராகும் ஃபோண்டாபாரினக்ஸ் என்ற மருந்து உண்டு. அது தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். பொருந்தாவிட்டால் உயிர் காக்கும் தேவை என்ற முறையில் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம், கடைசி நேரத்தில் ஊசியை மறுக்கக் கூடாது. சத்து மருந்துகளில் கேப்சூலைத் தவிர்த்து மாத்திரையாக வாங்கலாம். நோன்பைப் பொறுத்தவரை, முதல் வருடத்தில் தண்ணீரும் புரதமும் பகல் முழுக்கச் சிறிது சிறிதாகப் போக வேண்டியிருப்பதால் மருத்துவர்கள் தடுப்பார்கள். நோயாளிக்குள்ள சலுகையை எடுத்து, பிறகு களா செய்துகொள்ளலாம்.

பயமே இல்லாமல் வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். 26 வயதுத் தம்பி, 78 கிலோ, 173 சென்டிமீட்டர். எண் 26 தான் வருகிறது, வேறு நோயும் இல்லை. நிக்காஹுக்கு நான்கு மாதம் இருக்கிறது, அதற்குள் வயிறு உள்ளே போக வேண்டுமாம். பணம் கட்டத் தயாராக ஓர் இடமும் பேசி வைத்திருந்தார். வேண்டாம் என்று நேராகவே சொன்னோம். கொஞ்சம் கோபத்தோடுதான் போனார்.

ஊசி மருந்து பற்றியும் பலர் கேட்கிறார்கள். மஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஆய்வுகளில் முதலாவது ஐந்தில் ஒரு பங்கும், இரண்டாவது ஏறக்குறைய 15 சதவீதமும் எடையைக் குறைத்தன. ஆபரேஷனில் குறைவது நான்கில் ஒரு பங்குக்கு மேல். ஆபரேஷனை நினைத்தாலே நடுங்குகிறவர் இவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது. மாதாமாதம் எத்தனை வருடம் வாங்க முடியும் என்பதை வீட்டு வருமானத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

செலவுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது என்று பலரும் நினைக்கிறார்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதிப்படி, 18 வயது நிரம்பி, எண் 40-ம் அதற்கு மேலும் இருந்தால், அல்லது 35-க்கு மேல் இருந்து இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்றும் இருந்தால், எளிய வழிகள் பலன் தராத நிலையில் மருத்துவர் பரிந்துரைத்த ஆபரேஷனை நிறுவனங்கள் விலக்க முடியாது. காத்திருப்புக் காலம் முடிந்திருக்கிறதா என்று மட்டும் பாலிசியில் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சகோதரி வந்தபோது மாப்பிள்ளை வீடியோவில் இருந்தார். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பேசி ஒரு தாளில் எழுதினோம். வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், இரவில் கசிவு ஏற்பட்டால் யார் வருவார்கள், எனக்கு ஏன் இந்த வகை, ஒரு வருடம் கழித்து என்னைப் பார்க்கப் போவது யார் என்பவை அதில் இருந்தன. ரமலான் முடிந்து மதுரைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பதில்கள் அவருக்குத் திருப்தியாக இருந்தன. மூச்சுக் கருவி போட்டுத் தூங்கப் பழகிக்கொண்டிருக்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுவாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஈரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் முன்பிருந்தே கஞ்சியும் புரத மாவும்தான். "குர்பானிக் கறிய வாசம் மட்டும்தான் பாக்கணுமாம் காக்கா" என்று போனில் சிரித்தார். பயம் போய்விட்டதா என்று கேட்டோம். போகவில்லை என்றார். மாப்பிள்ளை நாற்பது நாள் லீவில் வருகிறார்.

ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்ணோடு ஒரு தடவை பேச வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நம் பகுதியில் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் செய்துகொண்ட சகோதரிகள் யாரேனும் இருந்து, நல்லது கெட்டது இரண்டையும் சொல்ல மனமிருந்தால், அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் பெண்கள் பிரிவில் தகவல் தாருங்கள். பெயர் வெளியே போகாது.