தற்செயலா, மருந்தின் பயனா?

மெர்கோங் வட்டாரத்தில் ஒரு தோட்டம். ஒரு நிரை மரங்களுக்குப் பால் கூட்டும் மருந்து பூசினோம், பக்கத்து நிரையை விட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பூசிய நிரையில் ஒரு வாரம் பால் கூடியது. அது மருந்தின் பயனா, தற்செயலா?

இவ்வகை ஐயத்தைத் தீர்க்கும் வழியை நம் நாட்டுச் சோதனை ஒன்றே காட்டுகிறது. 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்ணினருக்குத் தீட்டிய சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினருக்கு இந்தியப் புழுங்கலரிசி. ஆளைப் பார்த்துப் பிரிக்காததே இதன் சிறப்பு. கட்டடமே நோய்க்குக் காரணமோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார். 1906 இறுதிக்குள் பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. (நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசியினுள் இறங்குகிறது. நம் பாட்டிமார் அறியாமலே செய்த வைத்தியம்!)

'அரிசியால் வேறுபாடில்லை' என்று முதலில் கொள்வோம். இதுவே இன்மைக் கருதுகோள். அது மெய்யாயின், 18 சாவும் பச்சரிசிப் பக்கமே விழுவது, நாணயத்தைச் சுண்டி 18 முறையும் தலையே விழுவதற்கு ஒப்பாகும்: ஏறத்தாழ 2,62,000-இல் ஒரு வாய்ப்பு. எனவே கருதுகோளைத் தள்ளுகிறோம்.

இல்லாத பயனை உண்டென்பது முதல்வகைப் பிழை. உள்ள பயனை இல்லையென்பது இரண்டாம்வகைப் பிழை; பிளெட்சர் பக்கத்துக்கு நால்வரை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் ஒரு சாவும் காணாமலே முடித்திருக்கக்கூடும். நம் நிரைக்கும் ஒரு வாரம் போதாது. பூசும் மரங்களையும் சீட்டுக் குலுக்கியே தெரிவு செய்தல் வேண்டும்.