ஆம்ப்ளிபயருக்கு ஏற்ற கதவு ஸ்பீக்கர்: மொத்த எடையைப் பார்க்காதீர்கள், நிகர எடையைப் பாருங்கள்



நம் சங்க உறுப்பினர்களில் பலர் வீட்டில் இன்று கார் இருக்கிறது. கொள்முதலுக்கு வெளியூர் போகவும், கடைக்கும் மண்டிக்கும் வந்து போகவும் அது வேண்டித்தான் இருக்கிறது. வண்டி வந்த சில நாட்களில் பிள்ளைகள் ஒரு கோரிக்கை வைப்பார்கள். "கம்பெனி கொடுத்த செட் போதாது, நல்ல ஆம்ப்ளிபயர் போட வேண்டும்" என்பார்கள். நாமும் சரி என்று பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்துவிடுகிறோம். ஆம்ப்ளிபயர் வந்து விடுகிறது. அதற்குத் தகுந்த ஸ்பீக்கர் எது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. சில மாதத்தில் ஒரு கதவில் கரகரப்பு, அடுத்து மௌனம். கடைக்குக் கொண்டு போனால் "காயில் எரிந்திருக்கிறது, இதற்குக் கியாரண்டி கிடையாது" என்ற பதில்தான் வரும். போட்ட முதல் போனது போனதுதான்.

எலக்ட்ரிக் வியாபாரம் செய்யும் நண்பர்களிடமும், வண்டியில் செட் பொருத்தும் தொழிலாளர்களிடமும் கேட்டும், படித்தும் தெரிந்து கொண்டவற்றை நம் தராசுக் கணக்கிலேயே இங்கே எழுதுகிறேன். இதற்கு இன்ஜினியர் படிப்பு தேவையில்லை. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

சாக்கு எடையைக் கழியுங்கள்

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கும்போது சாக்கோடு சேர்ந்த எடைக்கு நாம் பணம் கொடுப்பதில்லை. நாம் விற்கும் பாக்கெட்டிலும் நிகர எடையை அச்சிட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளும் சொல்கின்றன. அப்படிப்பட்ட நாமே ஸ்பீக்கர் கடைக்குப் போனால் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 300 வாட்ஸ், 500 வாட்ஸ் என்பதைப் பார்த்து மயங்கி விடுகிறோம்.

பெட்டியில் வாட்ஸ் மூன்று விதமாக வரும். முதலாவது பி.எம்.பி.ஓ. இதை எப்படி அளப்பது என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட முறையே கிடையாது. ஆகவே அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டாவது 'மேக்சிமம்' அல்லது 'பீக்'. இது கண்ணிமைக்கும் நேரம் மட்டும் தாங்கக் கூடிய அளவு. இதுதான் சாக்கோடு சேர்ந்த எடை. மூன்றாவது ஆர்.எம்.எஸ். தொடர்ந்து பாடும்போது ஆம்ப்ளிபயர் கொடுக்கும் சக்தியும், ஸ்பீக்கர் தாங்கும் சக்தியும் இதில்தான் தெரியும். இதுதான் நிகர எடை. பெரும்பாலும் பெட்டியின் பின்பக்கமோ, உள்ளே இருக்கும் தாளிலோ சிறிய எழுத்தில் இருக்கும். ஆர்.எம்.எஸ். எங்குமே அச்சிடாத சரக்கை வாங்காமல் இருப்பதே நல்லது.

முதலில் ஆம்ப்ளிபயரை எடை போடுங்கள்

ஸ்பீக்கர் தேடுவதற்கு முன் ஆம்ப்ளிபயரின் உண்மையான பலம் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு இதற்கு ஒரு தர அளவு கொண்டு வந்தார்கள். 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒலிக் கலப்படம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் எத்தனை வாட்ஸ் தருகிறது என்று அளக்க வேண்டும். இந்த அளவுப்படி அச்சிட்ட ஆம்ப்ளிபயர் என்றால் எண்ணை நம்பலாம்.

அப்படி இல்லாவிட்டால் ஆம்ப்ளிபயரின் பக்கவாட்டில் இருக்கும் பியூஸைப் பாருங்கள். அதுதான் நமக்குத் தராசு. உதாரணமாக, மேலே 1200 வாட்ஸ் என்று எழுதிய நான்கு சேனல் ஆம்ப்ளிபயர் ஒன்றில் 15 ஆம்பியர் பியூஸ் இரண்டு இருக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். மொத்தம் 30 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது பாட்டரியில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். 30-ஐ 14.4-ஆல் பெருக்கினால் 432 வாட்ஸ். இது உள்ளே போகும் கரண்ட். 'டி கிளாஸ்' வகை ஆம்ப்ளிபயரில் இதில் நூற்றுக்கு 80 பங்கு அளவுக்கு வெளியே வரும். அதாவது 345 வாட்ஸ். நான்கு சேனலுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 86 வாட்ஸ். பழைய 'ஏபி கிளாஸ்' வகையில் நூற்றுக்கு 60 என்று வைத்தால் சேனலுக்கு 65 வாட்ஸ்தான். முப்பது ஆம்பியர் பியூஸ் வழியாக 1200 வாட்ஸ் தொடர்ந்து வருவதற்கு வழியே இல்லை. உள்ளே இருக்கும் தாளில் 75 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். என்று இருந்தால் அது கணக்குக்கு ஒத்து வரும்.

டாஷ்போர்டில் இருக்கும் செட்டுக்கும் இதே சோதனை உண்டு. அதில் '50 வாட்ஸ் 4' என்று அச்சிட்டிருப்பார்கள். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 25.9 வரும். பாட்டரி மின்சாரத்தை நேராக எடுக்கும் செட் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடிய மேல் எல்லை இதுதான். நடைமுறையில் இன்னும் குறைவு. பிள்ளைகள் தனி ஆம்ப்ளிபயர் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ஓம் பொருந்த வேண்டும்

கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். சில கம்பெனிகள் 2 ஓம், 3 ஓம் என்றும் தருகின்றன. ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிபயரிடமிருந்து கரண்ட் அதிகம் இழுக்கும். ஆம்ப்ளிபயர் 2 ஓம் வரை தாங்கும் என்று தாளில் இருந்தால் மட்டுமே அப்படிப்பட்ட ஸ்பீக்கர் வாங்கலாம். ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகச் சேர்த்தால் அது 2 ஓம் ஆகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தாங்காத ஆம்ப்ளிபயர் சூடாகி அணைந்து போகும், அல்லது கெட்டுப் போகும்.

டெசிபல் என்பது தரம்

ஒரே எடை அரிசியில் ஒரு ரகம் அதிகம் உபரி காணும், இன்னொரு ரகம் காணாது. ஸ்பீக்கரிலும் அப்படித்தான். ஒரு வாட்ஸ் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதை 'சென்சிட்டிவிட்டி' என்று அச்சிட்டிருப்பார்கள். இதில் 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும்.

இங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. சிலர் ஒரு வாட்ஸ் என்று போடாமல் 2.83 வோல்ட் என்று போடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட்ஸ் ஆகும். ஆகவே அந்த எண்ணில் 3 டெசிபல் கழித்து விட்டுத்தான் மற்றதோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டு பெட்டி, ஒரு கணக்கு

நம்மிடம் இருப்பது சேனலுக்கு 75 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும் ஆம்ப்ளிபயர். கடைக்காரர் ஒரே விலையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைக்கிறார். இரண்டும் 4 ஓம்.

முதல் பெட்டி: மேக்சிமம் 300 வாட்ஸ், ஆர்.எம்.எஸ். 45 வாட்ஸ், 88 டெசிபல்.

இரண்டாம் பெட்டி: மேக்சிமம் 180 வாட்ஸ், ஆர்.எம்.எஸ். 70 வாட்ஸ், 92 டெசிபல்.

பார்த்த மாத்திரத்தில் முதல் பெட்டிதான் கனமாகத் தெரியும். கணக்குப் போடுங்கள். முதல் பெட்டி தொடர்ந்து தாங்குவது 45 வாட்ஸ்தான். 75 வாட்ஸைத் திறந்து விட்டால் தாங்காது. அது மட்டுமல்ல, 4 டெசிபல் வித்தியாசம் என்றால் சக்தியில் இரண்டரை மடங்கு. முதல் ஸ்பீக்கருக்கு 75 வாட்ஸ் கொடுத்தால் வரும் சத்தம், இரண்டாம் ஸ்பீக்கரில் 30 வாட்ஸிலேயே வந்து விடும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினால் எரியும் சரக்கைத்தான் வாங்கி வருவோம்.

பொது விதி இதுதான்: ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ்., ஆம்ப்ளிபயரின் ஒரு சேனல் ஆர்.எம்.எஸ்.-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சிறிது கூட இருந்தால் இன்னும் நல்லது. விரலுக்கேற்ற வீக்கம் என்பார்களே, அதுதான்.

ஸ்பீக்கர் ஏன் எரிகிறது?

ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் சத்தமாகிறது. மீதியெல்லாம் காயிலில் சூடாகத்தான் போகிறது. ஆம்ப்ளிபயரை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் சூடு ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை ஏறும். 75 வாட்ஸ் ஆம்ப்ளிபயரே 150 வாட்ஸ் அளவுக்குக் காயிலைச் சுடும். நடுவில் இருக்கும் சிறிய ட்வீட்டர் முதலில் போகும். ஆகவே சிறிய ஆம்ப்ளிபயர் என்றால் ஸ்பீக்கர் எரியாது என்பது தவறான எண்ணம். கரகரப்பு கேட்ட உடனே சத்தத்தைக் குறைப்பதுதான் ஸ்பீக்கருக்கு ஆயுள்.

கதவையும் பார்க்க வேண்டும்

கதவில் பொதுவாக ஆறரை அங்குல ஸ்பீக்கர் உட்காரும். சில வண்டிகளில் அளவு வேறு. வட்டத்தின் அகலம் மட்டும் பார்த்தால் போதாது, ஆழமும் பார்க்க வேண்டும். சக்தி கூடிய ஸ்பீக்கருக்குக் காந்தம் பெரிதாக இருக்கும். கண்ணாடியை முழுதும் கீழே இறக்கினால் அந்தக் காந்தத்தில் இடிக்கக் கூடாது. மழை நீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும். எனவே வெறும் காகிதக் கூம்பை விட பாலிபுரொபிலின் கூம்பும், ரப்பர் விளிம்பும் நின்று உழைக்கும். கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிய விடாதீர்கள். கதவுத் தகட்டின் ஓட்டைகளை அடைத்து, அதிர்வைத் தாங்கும் ஷீட் ஒட்டினால் அடி சத்தம் கூடும். கூடுதல் வாட்ஸுக்குக் கொடுக்கும் பணத்தை விட இதற்குக் கொடுக்கும் பணம் அதிகப் பலன் தரும்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

ஒன்று: பாட்டரியிலிருந்து வரும் பவர் வயரில், பாட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான்.

இரண்டு: வயர் முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் கடையில் உண்டு. அலுமினியம் செம்பைப் போல நூற்றுக்கு 61 பங்குதான் மின்சாரம் கடத்தும். அதை வாங்கினால் ஒரு சுற்று தடிமன் கூட வாங்க வேண்டும்.

மூன்று: கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள். உங்கள் வண்டிக்கான கப்ளர் கேட்டு வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள்.

நான்கு: கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் அளவில் 'ஹை பாஸ்' வடிகட்டியைப் போடச் சொல்லுங்கள். அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். அந்த வேலையைக் கதவு ஸ்பீக்கர் தலையில் ஏற்றக் கூடாது.

ஐந்து: 'கெயின்' திருகு சத்தம் கூட்டுவதற்கு அல்ல. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி விட்டு, செட்டின் பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, சத்தத்தை முக்கால் பங்கு வைத்து, 1000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட விட்டு மல்டிமீட்டரில் ஏ.சி. வோல்ட் பார்க்க வேண்டும். 70 வாட்ஸ், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 70-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 16.7 வரும். மீட்டர் அந்த வோல்ட்டைத் தாண்டாமல் கெயினை நிறுத்தி விட்டால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு.

காதும் ஒரு முதல்தான்

நாம் பார்த்த 92 டெசிபல் ஸ்பீக்கர், ஒரு மீட்டரில் 100 டெசிபல் தர 6 வாட்ஸ் சொச்சமே போதும். அப்படியானால் 75 வாட்ஸ் எதற்கு? தவில் அடியும், டிரம் அடியும் திடீரென்று எழும்போது வெட்டுப்படாமல் சுத்தமாகக் கேட்பதற்குத்தான். எப்போதும் உச்சத்தில் ஓட்டுவதற்கு அல்ல. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் உடல்நல நிறுவனம் 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். ஸ்பீக்கர் எரிந்தால் வேறு வாங்கலாம். காது கெட்டால் எந்தக் கடையிலும் மாற்றுச் சரக்கு இல்லை. பின்னால் ஆம்புலன்ஸ் வருவது கேட்காமல் ஓட்டுவதும் கூடாது.

ஆகவே கடையில் ஐந்து கேள்வி கேளுங்கள்: ஆர்.எம்.எஸ். எத்தனை? எத்தனை ஓம்? எத்தனை டெசிபல், ஒரு வாட்ஸுக்கா 2.83 வோல்ட்டுக்கா? ஆழம் எத்தனை? கியாரண்டி எதற்கு உண்டு, எதற்கு இல்லை? பதிலை வாங்கிய பிறகு, மாடல் எண் எழுதிய பில்லையும் வாங்குங்கள். நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் தராசு முள்ளைப் பார்த்துத்தான் பணம் எடுக்கிறார். நாம் வாடிக்கையாளராகப் போகும்போதும் அதையே செய்வோம். பிள்ளைகளையும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பழக்குவோம்.